கிடாருக்கு அரங்கேற்றம் கிடையாது

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் கம்பனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பாரதியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த வரிசையில் இன்று கிடார்! அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் ஃபோன் செய்து, "தலைப்பு சரியாத்தான் அச்சாகியிருக்கா சார்?" என்று கேட்டார். சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. நான் இசை மேதை இல்லை. கச்சேரி செய்பவனும் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாயங்காலமானால் கூடத்தில் உட்கார்ந்து கிடார் வாசிப்பவன். அந்த ஒரே தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். ஆறு கம்பி உள்ள ஒரு வாத்தியத்தை, பரிசுக்காக இல்லாமல், பட்டத்துக்காக இல்லாமல், பிழைப்புக்காகவும் இல்லாமல், ஆயுள் முழுக்க வாசித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியும். எந்த வயதில் தொடங்கினாலும் முடியும். சுமாராக வாசித்தாலும் முடியும். சுமாராக வாசிப்பவனுக்கும் அதில் முழுச் சந்தோஷம் உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நம்மூரில் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நம் வீடுகளில் இசை எப்படி நடக்கிறது? பிள்ளைக்கு ஆறு வயது ஆனதும் வகுப்பில் சேர்க்கிறோம். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று நகர்கிறது. கல்யாண வீட்டில், "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்று நிறுத்திவைக்கிறோம். கொஞ்சம் தேறிவிட்டால் அரங்கேற்றம். அதற்குப் பட்டுப்புடவை, வீடியோ, சாப்பாடு. பிறகு? "பத்தாவது வந்தாச்சு, பாட்டு கிளாஸை நிறுத்திடு." அத்தோடு முடிந்தது. வீணை உறைக்குள் போகிறது. கீபோர்டு பரணுக்குப் போகிறது. கிடார் அலமாரி மேலே போய்ப் பல்லியோடு குடித்தனம் நடத்துகிறது.

இதில் யாரைக் குறை சொல்வது? யாரையும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். மேடை ஏறுவதற்காக மட்டும்தான் இசையா? மேடை ஏறாதவனுக்கு அதில் பங்கே இல்லையா? நாற்பது வயதில் ஒருவர் காலையில் நடக்கத் தொடங்கினால், "ஒலிம்பிக்குக்குப் போகப் போறீங்களா?" என்று நாம் கேட்பதில்லை. அதே மனிதர் கிடார் வாங்கிவந்தால் மட்டும், "இந்த வயசுல இதைக் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்கிறோம்.

என்ன பண்ணப் போகிறார்? வாசிக்கப் போகிறார். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு அம்மாளை அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் எலிசபெத் காட்டன். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் ஒன்று வைத்திருந்தார். அவர் வேலைக்குப் போன நேரத்தில் இந்தச் சிறுமி அதை எடுத்து வாசிப்பாள். இடது கைப் பழக்கம். வாத்தியமோ வலது கைக்காரர்களுக்கானது. கம்பியை மாற்றிக் கட்டினால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். என்ன செய்தாள்? வாத்தியத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். பிறகு பள்ளியை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போய், காசு சேர்த்து, 3 டாலர் 75 சென்ட் கொடுத்துச் சொந்தமாக ஒரு கிடார் வாங்கினாள். அதையும் தலைகீழாகத்தான் வாசித்தாள். மற்றவர்கள் கட்டைவிரலால் தட்டும் தடித்த கம்பிகளை அவள் விரல்கள் தட்டின. மற்றவர்கள் விரலால் மீட்டும் மெட்டை அவள் கட்டைவிரல் மீட்டியது. பன்னிரண்டு வயதை ஒட்டி, சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டும் கட்டினாள்.

அப்புறம் என்ன ஆனது? நம்மூரில் ஆவதுதான் அங்கேயும் ஆனது. சின்ன வயதில் கல்யாணம். குழந்தை. தேவாலயத்தில், இந்த உலகப் பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். கிடாரைக் கீழே வைத்தாள். எவ்வளவு காலம்? ஒரு வருடமா, பத்து வருடமா? பல பத்தாண்டுகள். ஏறக்குறைய ஒரு முழு வாழ்க்கை.

வயதான காலத்தில் வாஷிங்டன் நகரத்துப் பெரிய கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் ஒப்படைத்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அவர்கள் வீட்டிலேயே எலிசபெத்துக்கு வேலை கிடைத்தது. சமையல், துணி, வீடு பெருக்கல். அந்த வீட்டுச் சுவரில் ஒரு கிடார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதை எடுத்து வாசித்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். நமக்கு இஸ்திரி போட்டுத் தரும் அம்மாவா இது?

அந்த வீட்டுப் பையன் மைக் சீகர்தான் அவர் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அறுபது வயதைத் தாண்டியபின் முதல் இசைத்தட்டு! அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. தொண்ணூறு வயதைத் தாண்டியபின் கிராமி விருது. அவர் வாசிக்கும் முறைக்கு அவர் பெயராலேயே 'காட்டன் பிக்கிங்' என்று இன்றைக்கும் பெயர். முறையாகக் கற்றுக்கொள்ளாமல், வாத்தியத்தைத் தப்பாகப் பிடித்த ஒரு சிறுமியின் வழக்கம், பிற்பாடு மற்றவர்கள் பாடமாகப் படிக்கும் முறையாக ஆகிவிட்டது.

விருதுக்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. நம்மில் யாருக்கும் கிராமி வரப்போவதில்லை. வந்தால் என்னையும் கூப்பிடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. இத்தனை காலம் தொடாமல் விட்ட பிறகும் அந்த விரல்களுக்குள் பாட்டு இருந்தது. இங்கே எத்தனை பேர் கல்லூரி நாளில் நாலு கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல்பிடி) பிடித்தவர்கள்? கையைத் தூக்க வேண்டாம், வீட்டம்மா பக்கத்தில் இருக்கிறார். மனசுக்குள் தூக்குங்கள். உங்கள் விரல்களுக்கும் அது மறக்கவில்லை.

அதே 1893இல் ஸ்பெயின் நாட்டில் இன்னொருவர் பிறந்தார். ஆந்த்ரேஸ் செகோவியா. கிடாரை மதுக்கடை வாத்தியம் என்று ஒதுக்கிய காலத்தில் அதை உலகத்தின் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனவர். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். தொண்ணூறு தாண்டியும் மேடையில் வாசித்தார். ஒருவர் வீட்டுவேலைக்காரி, ஒருவர் கச்சேரி மேடையின் அரசர். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் பிறந்து, 1987 ஜூனில், ஒரே மாதத்தில் மறைந்தார்கள். இரண்டு பேர் கையிலும் கடைசிவரை அதே ஆறு கம்பிதான்.

"அவங்களுக்கெல்லாம் கை நல்லா இருந்திருக்கும் சார், என் விரல் மடங்கவே மாட்டேங்குது" என்று ஒரு குரல் கேட்கிறது. சரி, விரலைப் பற்றியே பேசுவோம்.

ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்றொரு கலைஞர். ஐரோப்பாவில் வண்டிகளில் ஊர் ஊராகச் சுற்றித் திரியும் ரோமானி இனத்தவர். 1928இல், பதினெட்டு வயதில், அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் செயலிழந்துவிட்டன. கிடாரில் கம்பியை அழுத்தும் கை அது. மிச்சம் இரண்டு விரல். அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு வாசிப்பு முறையையே உண்டாக்கினார். பாரிஸில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அவர் நடத்திய ஐவர் குழுவின் இசைத்தட்டுகளை இன்றும் கிடார் படிப்பவர்கள் வேகத்தைக் குறைத்துப் போட்டுக் கேட்டு, எப்படி இது இரண்டு விரலில் வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்ற பையன். பதினேழு வயது. தகரம் வெட்டும் ஆலையில் வேலை. வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் இயந்திரத்தில் கை மாட்டி, இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இனி கிடார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவனிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். கேட்டு முடித்ததும் சொன்னார், இவர் வாசிப்பது இரண்டே விரலில் என்று. அது ஜாங்கோவின் இசைத்தட்டு. பையன் எழுந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். கம்பி அழுத்தக் கடினமாக இருந்ததால் மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டான். பிற்பாடு சுருதியையும் இறக்கினான். அப்படி இறக்கியதால் வந்த கனத்த, இருண்ட நாதத்தைத்தான் 'பிளாக் சபாத்' குழுவின் பெயரோடு சேர்த்து உலகம் கொண்டாடியது. 

பாருங்கள், ஒருவர் கை வெந்தது, இன்னொருவர் கையைக் காப்பாற்றியது. நடுவில் யாரோ ஒரு மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இந்த இரண்டு கலைஞர்களையும்விட அதிகமாக நெகிழ்ச்சி உண்டாகிறது.

நம் விரல் மடங்காததற்கு என்ன காரணம் சொல்லப் போகிறோம்?

இனி வாத்தியத்துக்கு வருவோம். கிடார் நமக்கு அந்நியமானதா? உங்கள் வீட்டில் வீணை இருந்தால் பாருங்கள். 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. கிடாரை எடுத்து எண்ணுங்கள். ஒரு ஸ்தாயிக்கு அதே பன்னிரண்டு. வீணையில் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். கிடாரில் மரத்தில் கோடு கீறி உலோகப் பட்டையை இறக்குகிறார்கள், அதை ஃப்ரெட் என்கிறோம். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கும். செவ்வியல் கிடாரில் கம்பியின் நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். பாதி என்றால் 32.5. ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு 110 தடவை அதிரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் 220 தடவை. கீழ் ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம். கணக்கு அதே கணக்குதான்.

இன்றைக்கு நாம் பார்க்கும் செவ்வியல் கிடாரின் உருவத்தையும் அளவையும் தீர்மானித்தவர் ஸ்பெயினின் அல்மேரியா ஊரைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் என்ற கைவினைஞர். 1817இல் பிறந்தவர். கிடாரின் நாதம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு ஒரு கருத்து இருந்தது. மேல் பலகைதான் உயிர், பக்கமும் முதுகும் அவ்வளவு முக்கியமில்லை என்பது அவர் கட்சி. வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? 1862இல் ஒரு கிடார் செய்தார். மேல் பலகை நல்ல மரம். பக்கமும் முதுகும் காகிதக் கூழ்! அந்தக் காகிதக் கிடார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே, கிடார் வாங்கப் போகிறவர்கள் முதுகுப் பக்கத்துப் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். முன்பக்கம் ஒட்டுப்பலகையா, முழு மரமா என்று கேளுங்கள்.

தமிழ் மண்ணில் இந்த வாத்தியத்தின் கதை சின்னதா? சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் கடை இருக்கிறதே, அதன் தொடக்கம் 1842. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டி. ஊர் ஊராகக் கச்சேரி செய்த அனுபவம் அதற்கு முன்பே இருந்தது, உண்மை. ஆனாலும் அந்த வயதில் மறுபடி மாணவனாக உட்கார்ந்தார். செவ்வியல் கிடாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால், மற்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கேட்கும் கிடார் சந்திரசேகர் என்ற கலைஞர் வாசித்தது. தமிழ்நாட்டில் கிடார் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் நாளே அதை வாசிக்க ஆசைப்பட்டு, இரண்டாம் நாளே மனம் உடைகிறார்கள். அது கையில் பழகியவர்களுக்கான பகுதி. அவசரப்படாதீர்கள்.

கர்நாடக சங்கீதம் கிடாரில் வருமா? பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்கள். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். மின் கிடாரில் முழுக் கச்சேரி செய்கிறார். கம்பியைப் பக்கவாட்டில் வளைத்துக் கமகம் கொண்டுவருகிறார், விரலை வழுக்கிக்கொண்டுபோய் ஜாரு கொண்டுவருகிறார். வடக்கே விஸ்வ மோகன் பட், கிடாரை மடியில் கிடத்தி, கூடுதல் தந்திகள் பூட்டி, மோகன வீணை என்று பெயரிட்டார். 1994இல் அவருக்குக் கிராமி விருதும் வந்தது. ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட கார்வை கிடாருக்குக் கடினம். மீட்டியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும். ராகத்தின் முழு ஆழத்துக்கு வீணையும் வயலினும்தான் மேல். கிடாரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்களே பாடிக்கொண்டு, நீங்களே பக்கவாத்தியமும் வாசித்துக்கொள்ளலாம். ஹார்மோனியத்தைத் தவிர இவ்வளவு சுலபமாக அது வேறெதில் கிடைக்கிறது? பேருந்தில் தோளில் மாட்டிக்கொண்டும் போகலாம். வீணையைத் தூக்கிக்கொண்டு நடத்துநரிடம் வாக்குவாதம் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது தொடங்குவதைப் பற்றி. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மாதம் விரல் நுனி வலிக்கும். எரியும். சட்டைப் பித்தானைப் போடும்போதுகூட எரியும். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சில வாரத்தில் நுனித்தோல் காய்ப்பு ஏறிக் கெட்டிப்படும், வலி போய்விடும். விட்டு விட்டு வாசித்தால் காய்ப்பும் வராது, வலியும் போகாது. ஆனால் ஒரு வேறுபாடு தெரிந்துகொள்ளுங்கள். விரல் நுனி வலித்தால் பழகுகிறது என்று பொருள். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் பிடிக்கும் விதம் பிசகு என்று பொருள். உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் கட்டைவிரலால் கழுத்தை நெரிக்கிறோம். நெரிக்க வேண்டியதில்லை. ஃப்ரெட் பட்டைக்கு ஒட்டினாற்போல அதன் பின்னால் விரலை வைத்தால் பாதி பலம் போதும்.

அடுத்தது வாத்தியத்தின் குற்றம். ஒரு கடையில் மலிவான கிடார் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் போகும்! அதை அழுத்தப் பயில்வான் வேண்டும். அதை வாங்கிப் போகும் பையன் என்ன நினைப்பான்? 'எனக்கு வராது' என்று நினைப்பான். வாத்தியம் மோசம் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. எஃகுக் கம்பி கிடாரில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியின் உயரம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரலுக்குச் சுகம். கூடுதலாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். கம்பிகளைப் பூட்டியிருக்கும் பாலத்தின் மேலுள்ள சிறு துண்டைத் தேய்த்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். எத்தனையோ பேரின் 'எனக்குத் திறமை இல்லை' என்ற முடிவு, உண்மையில் இந்த இரண்டு மில்லிமீட்டர் விவகாரம்.

வயதானவர்கள், விரல் மூட்டில் வலி உள்ளவர்கள், நைலான் கம்பி போட்ட கிடாரை எடுங்கள். ஒரு காலத்தில் மிருகங்களின் குடலை முறுக்கித்தான் கம்பி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு. அந்த நாற்பதுகளில்தான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கைவினைஞர் நைலானில் கம்பி செய்தார். செகோவியா அதற்குத் துணை நின்றார். அன்று மேடைக்காகச் செய்தது இன்று மூட்டுவலிக்காரர்களுக்கு உதவுகிறது. எஃகைவிட இழுவிசை குறைவு, விரலுக்கு மெத்து. கழுத்துப் பலகை மட்டும் அகலமாக இருக்கும், சில நாளில் பழகிவிடும்.

மூட்டுவலி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். லெஸ் பால் என்ற அமெரிக்கர், மின் கிடாரின் முன்னோடிகளில் ஒருவர். 1948இல் கார் விபத்தில் வலது முழங்கை நொறுங்கியது. இனி மடக்கி நீட்ட முடியாது, ஏதாவது ஒரு நிலையில் பொருத்திவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அப்படியானால் கிடார் பிடிக்கும் கோணத்திலேயே பொருத்திவிடுங்கள் என்றார் அவர்! வயதான பிறகு மூட்டுவாதம் விரல்களையும் பிடித்துக்கொண்டது. அப்போதும் நியூயார்க்கில் வாரந்தோறும் திங்கட்கிழமை வாசித்தார். 2009இல், 94 வயதில் இறக்கும் அந்த வருடம்வரைக்கும்.

பயிற்சி எப்படி? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு ஆறு நாள் தொடாமல் இருப்பதைவிட, தினம் கால் மணி நேரம் மேல். கிடாரை உறைக்குள் போட்டுப் பீரோ மேல் வைக்காதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில், வெயில் படாமல், ஏசி காற்று நேராக அடிக்காமல் மாட்டிவையுங்கள். கண்ணில் பட்டால்தான் கை போகும். குக்கர் நாலு விசில் வருவதற்குள் இரண்டு கார்டை மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகிவிடலாம். கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றும் விரல் வேர்வையும் சேர்ந்தால் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஈ மைனர் கார்டை முதலில் பிடியுங்கள். இரண்டே விரல். பிறகு ஜி, சி, டி. இந்த நாலும் வந்தால் எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்கு ஒப்பேற்றிவிடலாம். அப்புறம் ஒருநாள் எஃப் கார்ட் வரும். ஆள்காட்டி விரலை ஒட்டுமொத்தமாகப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். கர்ர்ர் என்று சத்தம் வரும். கை நடுங்கும். உலகம் முழுக்கக் கிடார் பழகுகிறவர்கள் அதிகமாக விட்டுவிட்டுப் போகும் வாசல் அதுதான். தாண்டுவதற்கு என்ன வழி? தாண்டாதீர்கள்! நாலு கம்பியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் ஒன்று இருக்கிறது, அதை வாசியுங்கள். அல்லது கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொண்டு சுலபமான கார்டுகளிலேயே சுருதியை மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வா எழுதப் போகிறோம்? பெரிய எஃப் தானாக வரும்போது வரட்டும். வராவிட்டால் ஜாங்கோவின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் வேண்டுமா, யூடியூப் போதுமா? பாட்டைத் தெரிந்துகொள்ள வீடியோ போதும். ஆனால் உங்கள் மணிக்கட்டு எப்படி வளைந்திருக்கிறது என்பது வீடியோவில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் முதல் மூன்று மாதமாவது நேரில் ஒருவரிடம் போங்கள். அவர் உங்களைவிட முப்பது வயது சின்னவராக இருக்கலாம். இருக்கட்டும். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? டிரினிட்டி கிரேடு தேர்வு எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், தப்பில்லை. எட்டு கிரேடும் முடித்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டியதும் கிடாரைப் பரணில் போட்டுவிட மாட்டேன் என்று மட்டும் எனக்கு வாக்குக் கொடுங்கள்.

இந்த வாசிப்பில் என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். மூளைக்கு நல்லது, ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று சொல்லி உங்களை மயக்க நான் வரவில்லை. மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடும் பொருளா இசை? நான் கண்டது இதுதான். பல வருடமாக ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டை நாமே வாசிக்கத் தொடங்கும்போது, அதற்குள் இருக்கும் அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. இந்த இடத்தில் ஏன் மனம் கரைந்தது? மேஜர் மைனராக மாறியிருக்கிறது! இந்தப் பல்லவி ஏன் திரும்பி வரும்போது தித்திக்கிறது? அடியில் ஓடும் பேஸ் ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறது! அதற்குப் பிறகு டீக்கடையில் ஒலிக்கும் பாட்டைக்கூட அப்படியே கடந்து போக முடியாது. வாசிக்கத் தெரிந்தவன் கேட்கும் பாட்டு வேறு. சுமாராக வாசிக்கத் தெரிந்தால்கூடப் போதும்.

இன்னொன்று, கூட்டு. தனியாக வாசிப்பது ஒரு சுகம் என்றால், மொட்டைமாடியில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் கார்ட் பிடிக்க, ஒருவர் பாட, ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் தாளம் தட்டுவது வேறு சுகம். அங்கே யாரும் நீதிபதி இல்லை. சரணத்தில் வரி மறந்தால் எல்லோரும் 'லாலாலா' பாடிச் சமாளிப்பார்கள். பேரப்பிள்ளைகள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கூப்பிட்டு, "நீயும் கத்துக்கோ" என்று உபதேசம் மட்டும் செய்துவிடாதீர்கள், ஓடிவிடுவார்கள்.

நேரம் முடிகிறது என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் கிடார் வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருப்பவர்கள் இந்த வாரமே அதைக் கீழே இறக்குங்கள். தூசு தட்டுங்கள். பழைய கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி மாட்டுங்கள். கம்பி மாட்டத் தெரியாவிட்டால் கடையிலேயே மாட்டித் தருவார்கள். இல்லாதவர்கள் உடனே ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள். முதலில் தொட்டுப் பாருங்கள். மேடைக்குக் கீழே மூன்று கிடார் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒன்று எஃகுக் கம்பி, ஒன்று நைலான், மூன்றாவது இடது கைக்காரர்களுக்கு. கூட்டம் முடிந்ததும் டீ குடித்துவிட்டு வாருங்கள். வெட்கப்படாமல் வாருங்கள். ஒவ்வொருவரும் ஈ மைனர் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.